அப்பாவுக்கு இரண்டு ஊர்களில் மருத்துவம்: மாத்திரைகளை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி (செங்கோட்டை):
74 வயதான என் அப்பாவுக்குச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தென்காசியிலும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் திருவனந்தபுரத்திலும் மருத்துவம் பார்க்கிறோம். அங்குள்ள மருந்துக் கடையில் உறைமேல் மலையாளத்தில் எழுதித் தருவதை அவரால் வாசிக்க இயலவில்லை. நேற்று இரண்டு அட்டைகளைத் திருப்பிப் பார்த்தபோது, வணிகப் பெயர்கள் வேறாக இருந்தும், பொடி எழுத்தில் இரண்டிலுமே ‘அம்லோடிபின் 5 மி.கி.’ என்று ஒரே இரத்த அழுத்த மருந்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. ஒன்றை நிறுத்திவிடலாமா?

மறுமொழி (களியக்காவிளை):
நீங்களாக நிறுத்த வேண்டாம்; இன்றே மருத்துவரை அழைத்து, இரண்டு அட்டைகளையும் வாசித்துக் காட்டுங்கள். அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கலாம், எழுந்து நிற்கையில் தலை சுற்றலாம். அந்த வீக்கத்தை வேறு நோயென்று கருதி இன்னொரு மாத்திரை சேர்த்துவிடும் அபாயமும் உண்டு. மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை, எழுதிய மருத்துவர் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதி, இரு ஊர்களிலும் அதையே காட்டுங்கள்.

மறுமொழி (குமுளி):
மூட்டுவலிக்கென்று சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக்கையும் அந்தத் தாளில் எழுதுங்கள், ஏனெனில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுபவராயின், சிறுநீரகப் பரிசோதனை முடிவைச் சர்க்கரை மருத்துவரிடமும் காட்டுவது அவசியம்; சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR) 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் கொடுக்கக் கூடாது. (இந்த மருத்துவர் சொல்லியிருப்பார் என்று அந்த மருத்துவரும், அவர் சொல்லியிருப்பார் என்று இவரும் இருந்துவிடுவது வழக்கம்தான்.)

மறுமொழி (புளியரை):
சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும். ஆனால் அவற்றையும் தாளில் சேர்க்காவிட்டால் மூன்றாவது அட்டை முளைத்துவிடும்.