மறு: ‘தன்னார்வத் தள்ளுபடி’ சரியாக இருக்குமா?

> அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘வாலண்டரி டிஸ்மிஸல்’ என்பதைத் தமிழில் ‘தன்னார்வத் தள்ளுபடி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். தன்னார்வம் என்றதும் வெள்ள நிவாரணப் பொட்டலம் கட்டுகிறவர்கள்தான் கண்ணில் வருகிறார்கள். தள்ளுபடி என்றால் ஆடி மாதத் துணிக்கடை. அது கிடக்கட்டும். நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்பவர் நீதிபதி. இங்கேயோ வழக்குப் போட்ட கம்பெனியே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறது. அந்நாட்டு உரிமையியல் நடைமுறையின் 41ஆம் விதிப்படி, பிரதிவாதி தன் பதிலுரையோ, முழு விசாரணைக்குப் போகாமலே தீர்ப்புக் கேட்கும் மனுவோ கொடுப்பதற்கு முன்பு என்றால், வாதி ஒரு அறிவிப்பைத் தாக்கல் செய்தால் போதும். நீதிபதியின் கையெழுத்தே வேண்டாம். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால், ஆஜரான எல்லாத் தரப்பும் கையெழுத்திட வேண்டும்; இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும்.

நம் நாளிதழ்கள் ‘வழக்கு வாபஸ்’ என்று எழுதுகின்றன. பேச்சில் நானும் அப்படித்தான் சொல்வேன். கலைச்சொல்லாக ‘வழக்கு மீளப்பெறல்’ என வைக்கலாம். ‘வழக்கு மீட்பு’ என்றால் அடகு நகை ஞாபகம் வரும். ‘கைவிடல்’ என்றால் இனி வரமாட்டார் என்று ஆகிவிடும்.

உண்மையான தலைவலி ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’. அதைப் ‘பாரபட்சமின்றி’ என்று எழுதினால், நீதிபதி நடுநிலையாக நடந்துகொண்டார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். சங்கதி வேறு: அதே கோரிக்கையோடு மறுபடி வழக்குப் போடலாம் என்பதே பொருள். ஆகவே ‘மறுவழக்கு உரிமையுடன்’. எதிர்ப்பதம் ‘மறுவழக்குத் தடையுடன்’. 2018 பிப்ரவரியில் கூகுள் குழுமத்தின் தானியங்கி கார் நிறுவனமான வேமோவும் ஊபரும் தொழில் ரகசிய வழக்கில் விசாரணையின் ஐந்தாம் நாள் சமரசமானார்கள். ஊபர் பங்குகளில் சுமார் 0.34 சதவீதம் வேமோவுக்குப் போனது. அந்தச் செய்தியை எழுதிப் பார்த்தேன்: “மறுவழக்குத் தடையுடன் வழக்கு முடிந்தது.” இடறவில்லை.

ஒரு கொக்கி உண்டு. அறிவிப்பில் ஒன்றும் சொல்லாவிட்டால் மறுபடி வழக்குப் போடும் உரிமை மிஞ்சும். ஆனால் அதே கோரிக்கையை முன்பே ஒரு தடவை, மாநில நீதிமன்றத்திலேயே ஆனாலும், மீளப்பெற்றிருந்தால், இரண்டாம் அறிவிப்பு தோற்றுப்போன தீர்ப்புக்குச் சமம். இதற்கு ‘இருமுறை விதி’ போதுமா?

---

> மறுவழக்கு உரிமையுடன்

‘மறு’ இடிக்கிறது. மறுப்பு, மறுமொழி எல்லாம் பழகிய கண்ணுக்கு, பிரதிவாதி திருப்பிப் போடும் எதிர்வழக்கு என்றே படும். ‘மீள்வழக்கு’ எனலாமா? ‘இருமுறை விதி’ எனக்குச் சரி.

---

‘மறு’ பற்றிச் சொன்னது நியாயம்தான். ஆனால் ‘மீள்வழக்கு உரிமையுடன் மீளப்பெறல்’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஒற்றைச் சொல் பிடிவாதத்தை விட்டுவிடுகிறேன். ‘மீண்டும் தொடுக்கும் உரிமையுடன்’, ‘மீண்டும் தொடுக்கத் தடையுடன்’ என்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடவா?