எழுபதுகளின் இந்தியாவை மூல ஆவணங்களைக் கொண்டு கற்பித்தபோது: சில அனுபவங்கள்

கல்லூரி வரலாற்று ஆசிரியர், மதுரை:

நெருக்கடி நிலை பற்றிய பாடத்தை நான் பல ஆண்டுகள் கதையாகவே நடத்திவந்தேன். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா வழங்கிய தீர்ப்பில் தொடங்கி, 1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது வரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். மாணவர்கள் ஆர்வத்துடன் கேட்டார்கள். விடைத்தாள்களைத் திருத்தும்போதுதான், அவர்கள் என் வாக்கியங்களையும் என் கோபத்தையும் அப்படியே திருப்பி எழுதியிருந்ததைக் கண்டேன்.

அதன்பின் ஓர் ஆண்டு, முன்னுரை எதுவும் சொல்லாமல், 1975 ஜூன் 25 இரவில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்ட நெருக்கடி நிலை அறிவிக்கையின் நகலை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அது ஒரே ஒரு வாக்கியம். அரசமைப்புச் சட்டத்தின் 352ஆவது பிரிவு தரும் அதிகாரத்தின்படி, உள்நாட்டுக் குழப்பத்தால் இந்தியாவின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் நேர்ந்துள்ள கடும் நெருக்கடி நிலவுவதாக அறிவிக்கிறேன் என்பதே அதன் சாரம். நெடுநேரம் அமைதியாக இருந்த வகுப்பில், பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "ஐயா, குழப்பம் எங்கே நடந்தது, யார் செய்தார்கள் என்று இதில் எதுவுமே இல்லையே, அடுத்த பக்கம் விட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டார். அடுத்த பக்கம் என்று ஒன்று இல்லை.

அடுத்ததாக, அதே இரவில் பிரதமர் இந்திரா காந்தி குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். விஷயத்தை அமைச்சரவையிடம் கொண்டுசெல்லவே விரும்பியதாகவும், இன்றிரவு அது இயலாததால் அமைச்சரவையைக் கேட்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கைப் பயன்படுத்துவதாகவும், காலையில் முதல் வேலையாக அமைச்சரவையிடம் தெரிவிப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்த மாணவர்களிடம், 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம் 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சொல்லை நீக்கி 'ஆயுதக் கிளர்ச்சி' என்று மாற்றியதையும், அமைச்சரவையின் முடிவு எழுத்து வடிவில் வந்தாக வேண்டும் என்று விதித்ததையும் நான் விளக்க வேண்டிய தேவையே எழவில்லை. எந்தத் தாளின் எந்த வரிக்கு எது பதில் என்று அவர்களே கோடிட்டுக் காட்டிவிட்டார்கள்.

நான் எதிர்பாராதது இன்னொன்று. தேதிகளை மறைத்துச் சில ஆவணங்களைக் கலைத்துக் கொடுத்து, காலவரிசைப்படி அடுக்கச் சொன்னேன். விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தை ஏறத்தாழ எல்லோருமே 1975க்குப் பின்னால் வைத்தார்கள். அது 1971இல் வந்தது என்றதும் வகுப்பில் சலசலப்பு எழுந்தது. 1971 டிசம்பரில் போரின்போது அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையும் விலக்கப்படாமல் நடப்பில்தான் இருந்தது, 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை ஒடுக்கியதும் 1975க்கு முன்புதான் என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தபோது, ஜூன் 25 நள்ளிரவில் எல்லாம் தலைகீழானதாக நான் சொல்லிவந்த கதை என் கண்முன்னே உடைந்தது. அன்று முதல் 21 மாதங்களைப் பாடமாக நடத்துவதில்லை, பத்தாண்டுகளைச் சேர்த்தே நடத்துகிறேன்.

உங்களில் யாரேனும் இந்தக் காலத்தை ஆவணங்களைக் கொண்டு கற்பித்திருந்தால், வகுப்பில் நடந்ததை எழுத வேண்டுகிறேன்.

அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்:

ஐயா, பள்ளியில் எங்களுக்குக் கிடைப்பது ஓரிரு பாடவேளைகள்தான். ஆகவே நான் ஒரே ஓர் ஆவணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கையில் இடம்பெற்றுள்ள, உத்தரப் பிரதேசத் தலைமைச் செயலாளர் கீழ்நிலை அதிகாரிகளுக்கு அனுப்பிய செய்தி அது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையில் மாத இலக்கை எட்டாவிட்டால் சம்பளம் நிறுத்தப்படும், தற்காலிகப் பணிநீக்கமும் கடுமையான தண்டனையும் உண்டு, நிர்வாகம் முழுவதையும் உடனே, மீண்டும், உடனே முடுக்கிவிடுக, அன்றாட முன்னேற்றத்தைக் கம்பியில்லாத் தந்தியில் தெரிவிக்குக என்பது அதன் உள்ளடக்கம். தந்தி மொழியில் 'மீண்டும்' என்றால் அழுத்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனெனில் தந்தியையே அவர்கள் பார்த்ததில்லை.

ஒரு மாணவன், "டீச்சர், இதில் மனிதர்களே இல்லை, இலக்கு மட்டும்தான் இருக்கிறது" என்றான். நான் கரும்பலகையில் ஆணையம் தந்த எண்களை எழுதினேன். 1975-76இல் நாடெங்கும் நடந்த அறுவைச் சிகிச்சைகள் சுமார் 26 லட்சம். அடுத்த ஆண்டுக்கான இலக்கு சுமார் 42.5 லட்சம், நடந்தவை சுமார் 81 லட்சம்.

அந்தப் பாடத்துக்கு மறுவாரம், மாணவி ஒருவர் தம் தாத்தாவை அழைத்துவந்தார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அந்த நாள்களில் அலுவலகம் சரியாகப் பத்து மணிக்குத் திறந்தது, எல்லோரும் லஞ்சம் கேட்க அஞ்சினார்கள், அப்படி ஓர் ஒழுங்கு பிறகு வரவே இல்லை என்று பெரியவர் உறுதியுடன் பேசினார். பிள்ளைகள் தந்தியின் நகலை அவரிடம் நீட்டி, "தாத்தா, உங்களுக்கும் இப்படி வந்ததா?" என்றார்கள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தவர், "இவ்வளவு கடுமையாக இல்லை. ஆனால் மாதத்துக்கு இத்தனை கேஸ் பிடித்துத் தர வேண்டும் என்று எங்களுக்கும் சொன்னார்கள்" என்றார். எத்தனை பிடித்தீர்கள் என்று ஒருவன் கேட்டுவிட்டான். பெரியவர் பதில் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அலுவலகம் பத்து மணிக்குத் திறந்ததும், கேஸ் பிடித்ததும் ஒரே மனிதரின் நினைவில் இருந்ததைப் பிள்ளைகள் தம் குறிப்பேட்டில் அடுத்தடுத்த வரிகளில் எழுதிக்கொண்டார்கள்.

இதழியல் பயிற்றுநர், சென்னை:

என் பங்குக்கு ஒன்றே ஒன்று. தணிக்கையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இந்தியன் எக்ஸ்பிரஸ் வெற்றிடமாக விட்ட தலையங்கத்தையே காட்டுவோம். நான் தி.மு.க. நாளேடான முரசொலியைக் காட்டுகிறேன். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, கட்சியினர் கைதான செய்தியை வெளியிட முடியாத நிலையில், பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. மாணவர்கள் அதை முதலில் நீத்தார் நினைவு நிகழ்ச்சி பற்றிய சாதாரண அறிவிப்பாகவே படிக்கிறார்கள். இத்தனை பேருக்கும் ஒரே நாளில் அப்படி என்ன வேலை என்று யாராவது ஒருவர் கேட்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. ஓர் ஆண்டு அந்தக் கேள்வி வர நாற்பது நிமிடம் ஆயிற்று.

சட்டக் கல்லூரிப் பேராசிரியர் (ஓய்வு), திருச்சி:

நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டோர் தம்மை விடுவிக்கக் கோரி ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பை (1976 ஏப்ரல் 28) நான் நடத்தும்போது, நீதிபதி எச்.ஆர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளிவிடுவேன். அதை முதலில் கொடுத்தால் மாணவர்கள் உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, மற்ற நால்வரையும் படிக்க மறுத்துவிடுகிறார்கள். அந்த நால்வரும் சட்டம் அறியாதவர்கள் அல்லர். அவர்களுடைய தருக்கத்தைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால், நாமும் அதே முடிவுக்குப் போய்விடுவோமோ என்ற அச்சம் ஒரு கட்டத்தில் வரவேண்டும்.

நீதிபதி பெக் எழுதிய ஒரு வரியில் மட்டும் நிறுத்துவேன். காவலில் இருப்போருக்கு நல்ல இருப்பிடமும் உணவும் தரப்பட்டு, அரசு அவர்கள்மீது காட்டும் அக்கறை ஏறத்தாழத் தாயின் பரிவை ஒத்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில், சென்னை மத்தியச் சிறையில் 1976 பிப்ரவரியில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த நீதிபதி இஸ்மாயில் ஆணையத்தின் கதையை வைப்பேன். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அங்கே அடிபட்டவர், 1977 ஜனவரியில் இறந்தவர். தீர்ப்பு வந்தது அந்தத் தாக்குதலுக்கு மூன்று மாதங்கள்கூட ஆகாத நிலையில். ஒருமுறை ஒரு மாணவர், "நீதிபதிக்கு இது தெரிந்திருக்குமா, ஐயா?" என்றார். தெரிந்துகொள்ள வழி இருந்ததா என்று அதே தீர்ப்பில் தேடிப் பாருங்கள் என்றேன். ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்றபின் எந்த வழியில் தெரியும் என்று அவரே எழுதிக்கொண்டுவந்தார். 2017 ஆகஸ்டில் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியதை அதன்பிறகுதான் சொன்னேன்.

கல்லூரி வரலாற்று ஆசிரியர், மதுரை:

எழுதியோர் அனைவருக்கும் நன்றி. ஷா ஆணையத்தைப் பற்றி ஆசிரியை அவர்கள் எழுதியதால், நான் தடுமாறிய ஒரு நாளையும் சொல்லிவிடுகிறேன். அந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலே என் குரல் உயர்ந்துவிடும். அப்படி உயர்ந்திருந்த ஒரு நாளில் ஒரு மாணவர் எழுந்து, "அறிவிக்கையை எழுதியது யார், யாருக்காக எழுதினார் என்று கேட்கச் சொன்னீர்கள். இந்த ஆணையத்தை அமைத்தது, இந்திராவைத் தோற்கடித்து வந்த ஜனதா அரசு அல்லவா, இதை மட்டும் ஏன் அப்படிக் கேட்கவில்லை?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த வகுப்புக்கு, ஆணையத்தின் முன் இந்திரா காந்தி சாட்சியம் அளிக்க மறுத்த விவரத்தையும் எடுத்துவந்து, ஆணையத்தின் முடிவுகளில் எவை அதிகாரிகளின் சொந்தக் கோப்புகளிலிருந்து வந்தவை, எவை பின்னாளில் அளித்த வாய்மொழிச் சாட்சியத்தை மட்டும் நம்பியவை என்று பிரிக்கச் சொன்னேன். உத்தரப் பிரதேசச் செய்தி முதல் பிரிவில் சேர்ந்தது. நான் குரல் உயர்த்திச் சொல்லிவந்த சில சம்பவங்கள் இரண்டாவது பிரிவுக்குப் போயின.

அந்தப் பிரிப்பு முடிந்த பிறகு, இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்த 1980க்குப் பின் அறிக்கையின் படிகள் கிடைக்காமல் போனதையும், தம்மிடம் இருந்த படியைக் கொண்டு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன் 2010இல் அதை மறுபதிப்பாக வெளியிட்டதையும் சொன்னேன். அதே மாணவர், "அப்படியானால் நாம் படித்தது அவருடைய படியிலிருந்து வந்ததா?" என்று கேட்டுவிட்டு, தம் நகலின் தலைப்பில் அந்த விவரத்தையும் தேதியையும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.