கெய்சர்ஸ் கண்டென்சர்: குழாயா, நேரடித் தண்ணியா?

நீராவிப்பித்தன்:
கலிஃபோர்னியா கெய்சர்ஸ்ல 1960லேர்ந்து நிலத்தடி நீராவியில கரண்ட் எடுக்கிறாங்க. அங்க 11ஆம் யூனிட் கண்டென்சரை, அதாவது டர்பைனை விட்டு வர்ற நீராவியைக் குளிரவச்சுத் தண்ணியாக்கி வாக்குவம் உண்டாக்குற பாத்திரத்தை, 1990கள்ல மாத்துனாங்க. குளிர்நீரைக் குழாய்க்குள்ள ஓட்டாம, நீராவி மேல நேரா விடுற வகைதான். ஆனா உள்ளே மடிப்புத் தகடுகளை அடுக்கி, தண்ணி மெல்லிய படலமா வழியற மாதிரி. அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தோட டிசைன். புவிவெப்பத்துக்கு இதுதான் சரின்னு நான் சொல்றேன். நடுவுல குழாய்ச் சுவர் இல்ல, வாக்குவம் நல்லா நிக்கும். கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து வர்ற தண்ணி) பாய்லருக்குத் திரும்பப் போறதில்ல, குளிர்நீரோட கலந்தா என்ன நஷ்டம்?

டைட்டானியம்:
நஷ்டம் மூக்குக்குத் தெரியும். நீராவியோட வர்ற ஹைட்ரஜன் சல்பைடு வாயு குளிர்நீர்ல கரைஞ்சு கூலிங் டவர் வழியா ஊருக்குள்ள வரும், அழுகின முட்டை நாத்தம். அதனாலதான் 1970களோட கடைசியில அங்கயே புது யூனிட்டுகளுக்குக் குழாய்க் கண்டென்சர் போட்டு, வாயுவைத் தனியா இழுத்துக் கந்தகமா மாத்துனாங்க. அதை ஏன் விட்டுட்டீங்க?

நீராவிப்பித்தன்:
குழாய் போட்டாலும் முழுசாத் தப்பாது சார். அந்த நீராவியில அம்மோனியாவும் வருது. அது கண்டென்சேட்டைக் காரமாக்கி சல்பைடைப் பிடிச்சு வச்சுக்கும். அந்தக் கண்டென்சேட்டும் அதே கூலிங் டவருக்குத்தான் போகுது! 11ஆம் யூனிட் கண்டென்சரோட கடைசிப் பகுதியில வாயு மேல ஏற, தண்ணி கீழ இறங்கும். வெளியேறுற வாயு இருக்கிறதுலயே குளிர்ந்த தண்ணியைத் தொட்டுட்டுப் போறதால, அதோட ஓடிப்போற நீராவி கம்மி.

டைட்டானியம்:
சரி, ஒரு கிலோ நீராவிக்கு 30 கிலோவுக்கு மேல தண்ணி ஊத்துறீங்களே, அதுல கரைஞ்சிருக்கிற காத்து? வாக்குவத்துல அத்தனையும் வெளிய வரும். தண்ணியாகாத வாயுவை நீராவி பீச்சி வெளிய இழுக்கிற எஜெக்டர் அதையும் சேர்த்து இழுக்கணும். எஜெக்டர் குடிக்கிறது டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவி.

பழைய_ஷிஃப்ட்:
அனல் நிலையத்துல கண்டென்சர் மேன்ஹோல் திறந்தவன் நான். டியூப் வாய்ல விரல் விட்டா வழவழன்னு பாசி. ஒவ்வொண்ணா புல்லட் (குழாயைச் சுரண்டிக்கிட்டே போற கட்டை) அடிச்சு எடுக்கணும். கெய்சர்ஸ்ல கண்டென்சேட்டே கூலிங் டவர் தண்ணி. கந்தக பாக்டீரியாவுக்கு விருந்து. குழாய்னா சுத்தம்னு யாரும் பேசாதீங்க. ஆனா இந்தச் சண்டையே நீராவியில தண்ணியாகாத வாயு கம்மியான ஊர்லதான். துருக்கி கிசில்டெரேயில நீராவியில 10%க்கு மேல வாயு. அங்க எஜெக்டர் கட்டாது, கம்ப்ரெசர் வச்சு இழுத்தாங்க. முதல்ல வாயுவைக் கேளுங்க, அப்புறம் கண்டென்சர்.

டைட்டானியம்:
பாசியை ஒத்துக்கறேன். டியூப்புக்குப் புல்லட் இருக்கு. தகடு அடுக்குல கந்தகம் படிஞ்சா எதை விட்டு அடிப்பீங்க, பித்தன்?

நீராவிப்பித்தன்:
கழட்டித்தான் ஆகணும். அந்த ஷட்டவுன் கணக்கைப் போட்டுட்டு வர்றேன்.