பயிற்சி நேரத்தில் எண்ணெய்ப் பலகாரம்: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். தசை வளர்ப்பதற்காக மாலையில் எடைப் பயிற்சி செய்கிறேன். எங்கள் வீட்டில் மாலைப் பலகாரம் பெரும்பாலும் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும்தான். அப்பத்தா சுட்டுத் தருவதை மறுக்க மனம் வராது, மறுக்கவும் விரும்பவில்லை. ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தால் வயிறு கனத்து, பாதியிலேயே குமட்டுகிறது.

கொழுப்பு, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும் என்பதை அறிவேன். அதே கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி. புரதத்தில் 4 மட்டுமே. உடல் எடை கூட்ட நினைப்பவனுக்கு அது தேவை. ஆகவே எண்ணெயை அடியோடு விட்டுவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. நேரம்தான் என் கேள்வி. பணியாரத்துக்கும் பயிற்சிக்கும் இடையே நீங்கள் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்?

பயிற்சி முடிந்து, நல்லெண்ணெய் மிதக்கும் நாட்டுக்கோழிக் குழம்போடு சோறு சாப்பிட்டால் தசைக்குப் புரதம் சேர்வது குறையுமா, செரிமானம் மட்டும் மெதுவாகுமா? (முட்டையை மஞ்சள் கருவோடுதான் சாப்பிடுகிறேன், அதில் மாற்றமில்லை.)

செட்டிநாட்டுச் சமையலை உண்டே உடம்பை ஏற்றிய அண்ணன்மார், அக்காமார் இருந்தால் தங்கள் ஒரு நாள் உணவை நேரத்தோடு எழுதுங்கள்.