தூங்கும் போர்டிலும் கரண்ட் போகிறது: தரவுக் கம்பியில் நான் கண்டது

தோப்பில் மண் ஈரம் அளக்க ஒரு பேட்டரி போர்டு வைத்திருந்தேன். கணக்குப்படி ஆறு மாதம் தாங்க வேண்டிய 2200 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரி ஆறே வாரத்தில் காலி. பிராசசரைத்தான் சந்தேகப்பட்டேன். ஸ்லீப் மோடை நாலு தரம் திருத்தி எழுதியும் பலனில்லை.

கடைசியில் போர்டு தூங்கும்போது ஐ2சி (பிராசசரும் சென்சாரும் டேட்டா, கிளாக் என இரண்டே கம்பியில் பேசும் முறை) டேட்டா கம்பியில் மல்டிமீட்டரை வைத்தேன். 3.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 0.1. பாதி வாசிப்பில் பிராசசர் தூங்கப் போயிருக்கிறது. சென்சாரோ அடுத்த கிளாக் துடிப்பு (ஒவ்வொரு பிட்டுக்கும் தாளம் போடுவது) வரும் என்று கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. அந்தக் கம்பியில் சேரும் மூன்று மாட்யூலிலும் தனித்தனியாக 4.7 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்). இணையாகச் சேர்ந்தால் சுமார் 1.57 கிலோ ஓம்தான். அதன் வழியே இடைவிடாமல் சுமார் 2 மில்லி ஆம்பியர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர்-அவர்!

இரண்டு மாட்யூலில் புல்-அப்களைக் கழற்றினேன். வாசிப்பு முழுதாக முடிந்த பிறகே தூக்கம். எழுந்ததும் டேட்டா கம்பி கீழேயே இருந்தால் 9 கிளாக் துடிப்பு அனுப்பி விடுவிக்கிறேன். கரண்ட் இன்னும் குறையட்டும் என்று ஆசைப்பட்டு 10 கிலோ ஓமும் போட்டுப் பார்த்தேன். சென்சாருக்குப் போவது 2 மீட்டர் கேபிள். சிக்னல் மேலேறுவதற்குள் அடுத்த பிட் வந்துவிடுகிறது. 4.7-க்கே திரும்பிவிட்டேன்.

மறுமொழி:

அண்ணா, எனக்கு இதே பாடம் எஃப்பிஜிஏ (உள் சர்க்யூட்டை நாமே அமைச்சுக்கிற சிப்) போர்டில் கிடைச்சது. 8 கம்பி ரிப்பன் கேபிள்ல கவுன்ட்டர் மதிப்பு அனுப்பினேன். 127-லிருந்து 128-க்குப் போகும்போது எட்டு கம்பியும் ஒண்ணா மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேபிளோட கெப்பாசிட்டன்ஸை நிரப்பணும், காலி பண்ணணும், செலவு அங்கதான். கிரே கோடுங்கிற எண் குறியீட்டு முறைக்கு மாத்தினதும் ஒரு எண்ணுக்கு ஒரே கம்பிதான் மாறுது.

வரிசையில்லாத டேட்டாவுக்கு 1995-ல ஆராய்ச்சியாளர்கள் ஸ்டானும் பர்லெசனும் எழுதின பஸ்-இன்வெர்ட் முறையை வெச்சேன். 4-க்கு மேல கம்பி மாறணும்னா பைட்டைத் தலைகீழா (0-வை 1-ஆ, 1-ஐ 0-ஆ மாத்தி) அனுப்பி, 9-வது கம்பியில அதைச் சொல்லிடணும். கேபிள்ல நல்லாவே குறைஞ்சது. சிப்புக்குள்ள இருக்கிற குட்டிக் கம்பிகளுக்கும் வெச்சுப் பார்த்தேன். எண்ணிப் பார்க்கிற லாஜிக்கே மிச்சத்தைத் தின்னுடுச்சு, எடுத்துட்டேன்.

உங்க புல்-அப் கதை கம்ப்யூட்டர்ல வர்ற டிடிஆர்4 மெமரியிலயும் உண்டு. அங்க டேட்டா கம்பியை 1.2 வோல்ட்டுக்கு ரெசிஸ்டர் வழியா இணைச்சு வைக்கிறதால (டெர்மினேஷன்) 0 அனுப்பும்போதுதான் கரண்ட் ஓடும். அதனால அதோட டிபிஐ (பஸ்-இன்வெர்ட் மாதிரியே பைட்டைத் தலைகீழாக்குற வசதி) மாற்றத்தை எண்ணாது, பூஜ்யத்தை எண்ணும்: 4-க்கு மேல போனா பைட்டைத் தலைகீழாக்கிடும்.