புதுப்பிப்பு: கிராம சபையில காலநிலை தீர்மானம் நிறைவேறிடுச்சு, கோத்தகிரி பக்கம்

ஊராட்சியை காலநிலை விஷயத்துல செயல்பட வைக்க என்ன பண்ணலாம்னு முன்னாடி கேட்டிருந்தேன், பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானம் பாஸ் ஆயிடுச்சு.

வேலைக்கு ஆனது, முன்கூட்டியே மனு எழுதிக் குடுத்து அஜெண்டாவுல சேர்க்கச் சொல்லுங்கன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுதான். ஊராட்சி செயலர்கிட்ட குடுத்து நகல்ல சீல் வாங்கி வச்சுக்கிட்டோம், அதனால நேரமில்லைன்னு யாராலயும் தள்ள முடியல. ஊர்க்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கினது பெருசா உதவல. பொதுவா கேட்காம, சதுப்பை மண் கொட்டி மூடக்கூடாது, நீரூற்றைச் சுத்தி சோலைக்காட்டு மரம் நடணும், ஓடையில பிளாஸ்டிக் அள்ளணும்னு வேலை வேலையா பிரிச்சு எழுதினோம்.

எதிர்பார்க்காதது என்னன்னா, கேரட் போடுற விவசாயிங்கதான் முதல்ல எழுந்து ஆதரிச்சுப் பேசினாங்க. 2019 ஆகஸ்ட்ல நம்ம நீலகிரி அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மழையில மேல்மண் அடிச்சுட்டுப் போனதை அவங்க மறக்கவே இல்ல.

அப்புறம் தீர்மான நகலை கலெக்டருக்கும் தனியா அனுப்புங்க, அரசோட மாவட்ட காலநிலை மாற்ற இயக்கத்துக்கு தலைமை கலெக்டர்தான். பேரூராட்சி, நகராட்சியில இருக்கிறவங்களுக்கு கிராம சபை கிடையாது, வார்டுக்குள்ள பகுதி பகுதியா நடக்கிற மக்கள் கூட்டமான பகுதி சபாவுலதான் கேட்கணும்.