உதவி தேவை: கல்விக் கடன் தவணை தவறியதால் மாமாவுக்குக் கடிதம் போய்விட்டது

யீஷூன்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மாமா ஜூரோங்கிலிருந்து வந்திருந்தார். சாப்பிட்டார், அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, லிஃப்ட் வரைக்கும் வழியனுப்பப் போன என் கையில் நாலாக மடித்த ஒரு கடிதத்தை வைத்தார். "நீயே பார்த்துக்கோம்மா, அக்காகிட்ட சொல்ல வேணாம்" என்றார். வங்கிக் கடிதம். என் கல்விக் கட்டணக் கடனில் இரண்டு மாதத் தவணை வரவில்லை, நீங்கள் பிணையாளி என்பதால் தெரிவிக்கிறோம் என்று எழுதியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 2020-இல் பல்கலைக்கழகம் சேர்ந்தேன், போன வருஷம் படிப்பு முடிந்தது. முதல் இரண்டு வருஷக் கட்டணம் அம்மாவின் மசேநியிலிருந்து (சிங்கப்பூரின் மத்திய சேமநிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு) போனது. அப்புறம் வீட்டுக் கடனுக்கும் அதே கணக்கு என்பதால் அதில் எடுக்க முடியாமல் போக, மூன்றாம் வருஷத்திலிருந்து வங்கி மூலம் கிடைக்கும் கல்வி அமைச்சின் கட்டணக் கடன் எடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய வாரத்தில் அம்மா தஞ்சாவூரில் பாட்டியின் காரியத்தில் இருந்தார். அப்பா 60 வயதைத் தாண்டிவிட்டார். மாமாதான் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

அந்த வங்கிக் கடன் 14,850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வட்டி என் கடிதத்தில் 4.75 விழுக்காடு. மாதம் 100 வெள்ளி கிரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழியும்படி, வைத்திருந்தேன். படிக்கும்போது திறந்த பழைய கணக்கிலிருந்துதான் கிரோ. சம்பளம் வேறு வங்கிக்கு வருகிறது. பழைய கணக்கில் காசு தீர்ந்ததை நான் கவனிக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இப்போது மசேநி கழகத்திலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. அம்மா கணக்கில் எடுத்தது வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 17,300. அடுத்த மாதத்திலிருந்து மாதம் 139 வெள்ளி, 12 வருஷத்துக்குக் கட்ட வேண்டும். சம்பளம் 3,900. மசேநி 780, சிண்டா (இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) சந்தா 7 வெள்ளி போகக் கையில் 3,113 வருகிறது. வீட்டுக்கு 800 கொடுக்கிறேன். சேமிப்பு 5,200 இருக்கிறது. அதை அப்படியே வங்கிக் கடனில் போட்டுவிடலாமா? எதை முதலில் அடைப்பது? ஆகஸ்டில் தம்பியும் சேர்கிறான், அவனுக்கும் மசேநியில் எடுக்கலாம் என்று அம்மா சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

உட்லண்ட்ஸ்_அண்ணன்:

தங்கச்சி, வட்டிக் கணக்கெல்லாம் அப்புறம். நாளை காலையில் வங்கியைக் கூப்பிட்டு, நிலுவை மொத்தம் எவ்வளவு என்று கேட்டு அன்றைக்கே கட்டுங்கள். கட்டியதும், "நிலுவை தீர்ந்தது" என்று உங்களுக்கும் பிணையாளிக்கும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அது முக்கியம். உங்கள் மாமா வாயால் கேட்கமாட்டார், ஆனால் அந்தத் தாள் கைக்கு வரும்வரை அவருக்கு மனசு ஆறாது. நான் என் அண்ணன் மகனுக்குக் கையெழுத்துப் போட்டவன், அதனால் சொல்கிறேன்.

கிரோவைச் சம்பளம் வரும் கணக்குக்கு மாற்றப் படிவம் கொடுங்கள். புது கிரோ ஒப்புதலாகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை பழையதும் புதியதும் இல்லாத ஒரு மாதம் நடுவில் வரும், நிறையப் பேர் அங்கேதான் மறுபடி தவறுகிறார்கள். அந்த மாதத்தை நீங்களே கையால் கட்டுங்கள்.

யீஷூன்_பொண்ணு:

நன்றி அண்ணா. நாளைக்கே அழைக்கிறேன்.

பழைய_என்டியு:

மசேநி கடனைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது அம்மா பணம்தானே. அம்மா எழுதிக்கொடுத்தால் தள்ளுபடி ஆகிவிடும். வங்கிக் கடனை மட்டும் கட்டுங்கள்.

பஸ்_கேப்டன்_அப்பா:

மேலே எழுதிய தம்பி, அப்படி இல்லை. தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கக் கணக்குக்காரருக்கு 55 வயது ஆகியிருக்க வேண்டும், முழு ஓய்வுக்காலத் தொகையும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். 2025-இல் 55 ஆகிறவர்களுக்கு அது 213,000 வெள்ளி. யீஷூன் பொண்ணு, அம்மாவுக்கு இப்போது என்ன வயது?

யீஷூன்_பொண்ணு:

53. பாலர் பள்ளியில் சமையல் வேலை.

பஸ்_கேப்டன்_அப்பா:

அப்படியானால் 2027-இல் 55. அந்த வருஷத்துக்குரிய தொகை 228,200. வீட்டுக் கடனும் அதே கணக்கிலிருந்து போகும் வீட்டில் அது சுலபமாக எட்டுகிற தொகை இல்லை. அதனால் தள்ளுபடியை நம்பி இருக்காதீர்கள்.

இதை ஒரு தகப்பனாகச் சொல்கிறேன். நானும் என் மூத்த மகளுக்கு மசேநியிலிருந்துதான் கட்டினேன். அவளிடம் ஒருநாளும் "கட்டு" என்று சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் மாதாமாதம் அவள் கட்டும் 160 வெள்ளி கணக்கில் ஏறுவதைக் காலை முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் கைப்பேசியில் பார்ப்பேன். அது நான் வேலையை விட்ட பிறகு மாதாமாதம் எனக்குத் திரும்பி வரப்போகும் காசு. உங்கள் அம்மா "எனக்கு வேணாம், நீ வீடு வாங்கப் பாரு" என்றுதான் சொல்வார். நீங்கள் கட்டுங்கள்.

பழைய_என்டியு:

திருத்தியதற்கு நன்றி. என் அம்மாவுக்கு அப்படி நடந்தது, எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

தேவி_செங்காங்:

நான் 2016-இல் முடித்தவள், இரண்டு விதக் கடனும் இருந்தது. இந்த இரண்டும் நேர்மாறாக வேலை செய்கின்றன. கட்டணக் கடனுக்குப் படிக்கும்வரை வட்டி கிடையாது. படிப்பு முடிந்த பிறகு உள்ளூர் வங்கிகளின் பிரைம் விகிதச் (அடிப்படைக் கடன் வட்டி) சராசரியில் வட்டி ஓட ஆரம்பிக்கும். மசேநியில் எடுத்த அன்றைக்கே வட்டி ஆரம்பம், ஆனால் அது மசேநியில் 'சாதாரணக் கணக்கு' என்ற பகுதிக்குரிய வட்டியான 2.5 விழுக்காடுதான், அதுவும் வங்கிக்குப் போவதில்லை, அம்மா கணக்குக்கே திரும்புகிறது. ஆக இன்றைய நிலையில் உங்களுக்கு வலிக்கிற கடன் வங்கிக் கடன்.

100 வெள்ளி என்பது அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தவணை. அதையே கட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் எண்ணை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 14,850-க்கு முதல் மாத வட்டி மட்டும் 58 வெள்ளி 78 காசு. நீங்கள் கட்டும் 100-இல் அசலில் கழிவது 41 வெள்ளி சொச்சம். இப்படியே போனால் முடிய 18 வருஷம் 8 மாதம், வட்டி மட்டும் ஏறக்குறைய 7,600. மாதம் 400 கட்டினால் மூன்று வருஷம் நாலு மாதத்தில் முடியும், வட்டி சுமார் 1,240. முன்கூட்டிக் கட்டியதற்கு எனக்கு அபராதம் எதுவும் போடவில்லை, ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

139-ஐக் கேட்டபடி கட்டிவாருங்கள், கூடுதலாக இருப்பதையெல்லாம் வங்கிக்குத் திருப்புங்கள். வங்கிக் கடன் முடிந்ததும் அந்த 400 வெள்ளியை அப்படியே அம்மா கணக்குக்கு மாற்றிவிடலாம்.

5,200-ஐ முழுக்கப் போடாதீர்கள். எனக்கு இரண்டாம் வருஷம் வேலை போய் மூன்று மாதம் சும்மா இருந்தேன். கையில் வைத்திருந்த காசுதான் தவணை தவறாமல் காப்பாற்றியது. உங்களுக்குப் பின்னால் பிணையாளி ஒருவர் நிற்கிறார் என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

உட்லண்ட்ஸ்_அண்ணன்:

உயர்நிலைக்குப் பிந்தைய கல்விக் கணக்கில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா பாருங்கள். பள்ளிக்கால எடுசேவில் (அரசாங்கம் மாணவர் பெயரில் போடும் கல்விப் பணம்) மிஞ்சியது அங்கேதான் போய் உட்காரும். கட்டணம் கட்ட மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அரசாங்கக் கல்விக் கடனை அடைக்கவும் அதை எடுக்கலாம். 31 வயது ஆகும்போது கணக்கை மூடி மசேநி சாதாரணக் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே 2.5 விழுக்காடு வாங்கிக்கொண்டு, இங்கே 4.75 கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

யீஷூன்_பொண்ணு:

சிங்பாஸில் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளம்) நுழைந்து இப்போதுதான் பார்த்தேன். 1,180 வெள்ளி இருக்கிறது! இவ்வளவு நாள் எனக்குத் தெரியவே தெரியாது.

தேவி அக்கா, தம்பி விஷயத்துக்கு என்ன சொல்கிறீர்கள்?

தேவி_செங்காங்:

என் வீட்டில் அவன் இருந்தால் கட்டணக் கடனைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். அரசாங்க மானியம் கழித்து அவன் கட்ட வேண்டிய கட்டணத்தில் 90 விழுக்காடுவரை கிடைக்கும், நாலு வருஷம் வட்டியில்லை. மசேநியில் எடுத்தால் முதல் பருவத்திலிருந்தே வட்டி. மீதி 10 விழுக்காட்டுக்கு அவனுடைய கல்விக் கணக்கில் இருப்பதை எடுக்கலாம். போதாவிட்டால் தலைக்கு வருமானம் குறைவாக உள்ள குடும்பங்களுக்குத் தனியாகப் படிப்புக் கடன் இருக்கிறது, அதற்கும் படிக்கும்வரை வட்டியில்லை.

அவன் பகுதிநேர வேலை பார்த்தால் அந்தக் காசைச் சேர்த்து வைத்து, படிப்பு முடிந்து வட்டி தொடங்குவதற்கு முன்னால் ஒரேயடியாகக் கட்டட்டும். நான் அதைச் செய்யாமல் விட்டேன், இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

பஸ்_கேப்டன்_அப்பா:

கடனுக்கு முன்னால் உதவிநிதி. கல்வி அமைச்சின் உதவிநிதிக்கும் சிண்டா உதவிநிதிக்கும் விண்ணப்பம் திறக்கும் தேதியைப் பார்த்து வையுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், உங்கள் சம்பளமும் இப்போது குடும்ப வருமானத்தில் சேரும். நீங்கள் படிக்கும்போது கிடைத்த அளவு தம்பிக்குக் கிடைக்காமல் போகலாம். கிடைக்கிறதைத் தள்ளிப்போடாமல் வாங்குங்கள், அது திருப்பிக் கட்ட வேண்டாத பணம்.

பிணைக்கு இந்தத் தடவை அம்மாவே போடலாம், 60 வயதுக்குள்தானே இருக்கிறார். மாமாவை மறுபடி கேட்காதீர்கள்.

யீஷூன்_பொண்ணு:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நிலுவை கட்டியாகிவிட்டது. எழுத்தில் கேட்டேன், கடிதம் அனுப்புவதாகச் சொன்னார்கள், நேற்று வந்தது. கிரோ சம்பளக் கணக்குக்கு மாறுகிறது, தேதி 28. நடுவில் வரும் மாதத்துக்குக் கைப்பேசியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். 1,180 வெள்ளிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அது போய்ச் சேர்ந்தால் மிச்சம் 13,670. மாதம் 400 கட்டினால் 37 மாதம் என்று கணக்கு வருகிறது. சேமிப்பைத் தொடவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா சொல்ல வேண்டாம் என்றார்தான், ஆனால் எனக்கு மறைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மசேநி கடிதத்தைக் காட்டியதும், கேப்டன் ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் அம்மா வார்த்தை மாறாமல் சொன்னார். வேணாம், வீடு வாங்கப் பாரு என்று. நான் 139-க்கும் கிரோ போட்டுவிட்டேன்.

நேற்று வேலை முடிந்து நேரே ஜூரோங் போனேன். வங்கி கொடுத்த தாளை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, அத்தையைக் கூப்பிட்டு எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார்.